ஏழையர் நாணயம்

மக்களை வருத்தும் துன்பங்கள் பல. அவற்றுள் ஏனைய துன்பங்கள் அனைத்திற்கும் வாயிலாய் நிற்பது வறுமை. பிணி வந்தால் மருந்துண்டு. பகை வந்தால் அரணுண்டு. வறுமை வந்துழியோ மருந்தும் அரணும் ஒருங்கே அகன்று விடுகின்றன. திருவள்ளுவனார் நல்குரவு என ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்து இரவு, இரவச்சம் என இரண்டு அதிகாரங்களை வைத்த முறையை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு மிகும். வறுமையைக் கூறியவர் அதன் பின்னர் இரத்தலைக் கூறினார். இரத்தலைக் கூறியவர் உடனே இரத்தற்கு அஞ்சுதலையும் கூறினார். வறியவர் வேண்டுவது பொருள் மட்டுமன்று, அப்பொருளைத் தலை குனியாமற் பெறும் வழியும் ஆகும் என்பதை இவ்வைப்பு முறை எமக்கு உணர்த்துகின்றது.

நாட்டுப்புறத்து வறுமை மழையின் வரவை நோக்கி நிற்பது. நகரத்து வறுமையோ வட்டிக்காரர் வரவை நோக்கி நிற்பது. நாட்டுப்புறத்தில் கீரை பறிக்க வேலியோரம் உண்டு. சுள்ளி பொறுக்கத் தோப்புண்டு. நகரத்திலோ குடிக்கும் நீர் முதல் அடுப்பெரிக்கும் பொருள் வரை யாவும் காசு கொடுத்தே பெறற்பாலன. காசில்லாத நாள் உணவில்லாத நாள். ஆதலின் நகரத்து ஏழைக் குடும்பம் நாள்தோறும் கடன்படுகின்றது. பட்ட கடனுக்கு வட்டி கொடுக்கின்றது. வட்டி கொடுத்தமையால் கைம்முதல் இல்லாது போகின்றது. கைம்முதல் இல்லாமையால் மறுநாளும் கடன்படுகின்றது. தாய் இவ்வாறு உழலுங்கால் மூத்த பெண் பள்ளியினின்றும் நின்று இளைய குழந்தைகளைக் காக்கின்றாள். எழுத்தறியாது வளர்ந்த அப்பெண் தானும் ஒரு கூடையைத் தலையிற் சுமந்து, தானும் ஒரு வட்டிக்காரர் முன் நிற்கின்றாள். இதனையே வறுமைச் சுழல் என்பர். ஆற்றுச் சுழியில் அகப்பட்டவன் நீந்த அறியாதவன் அல்லன். எத்துணை வலித்து நீந்தினும் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்தலே அவன் துன்பம்.

இச்சுழலை அறுக்கச் சென்னை மாநகரில் முயன்ற ஓர் அமைப்பின் வரலாற்றையும், அதனால் எம் குடும்பம் அடைந்த பயனையும் இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம். குடும்பச் செய்தியை எழுதுதல் தற்புகழ்ச்சியாகாதோ எனின், ஆகாது. கணக்கொன்றை விளக்கப் புகுவோர் தாம் நன்கறிந்த கணக்கையே எடுத்துக்கொள்ளுதல் இயல்பன்றோ?

எம் தாயைப் பெற்ற பாட்டியாரை யாங்கள் ஆயா என்றே அழைப்போம். சென்னையில் உழைத்துண்ணும் குடிகளிடை அதுவே வழக்கு. ஆயா மயிலாப்பூரில் ஒரு தெருமுனையில் காய்கறி விற்றுப் பிழைத்தவர். அக்காலத்தில் காய்கறி மொத்த வாணிகம் கொத்தவால் சாவடியில் நடந்து வந்தது. 1996-ஆம் ஆண்டிலேதான் அது கோயம்பேட்டிற்கு மாற்றப்பெற்றது. ஆயா மூன்று மணிக்கு எழுந்து, அண்டையிலுள்ள பெண்டிர் மூவர் நால்வரோடு கூடிச் சாவடிக்குச் செல்வார். ஏலம் கூறும் இரைச்சலிடையே நின்று, கைக்கெட்டிய விலைக்குக் கத்தரியும் வெண்டையும் முருங்கையும் எடுத்து, கோணியிற் கட்டி, விடிவதற்குள் திரும்பிவிடுவார். பின்னர்த் தெருமுனையில் சாக்கை விரித்துக் கூறு கட்டி வைத்தால், உச்சி வெயில் ஏறுமுன் விற்றாக வேண்டும். ஏறிய பின்னர் வாடிய காய்க்கு வாடிய விலையே கிடைக்கும்.

இவ்வாணிகத்திற்கு வேண்டிய முதல் பெரிதன்று. ஆயினும் அச்சிறு முதலும் அவரிடம் இல்லை. வட்டிக்காரரே நாள்தோறும் முதல் கொடுத்தார். சென்னையில் இத்தகைய கடனுக்குப் பல முறைகள் உண்டு. விடியலில் 90 ரூபாய் கொடுத்து மாலையில் 100 ரூபாய் பெற்றுக்கொள்ளுதல் ஒன்று. 85 ரூபாய் கையிற் கொடுத்து, நாளொன்றுக்கு ஒரு ரூபாயாக நூறு நாள் வாங்குதல் மற்றொன்று. இதற்குத் தண்டல் என்று பெயர். கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி என வேறு பெயர்களும் வழங்கும். தமிழ்நாட்டு அரசு 2003-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் இவற்றைப் பெயர் கூறியே தடை செய்தது. எனினும் நோய்க்குப் பெயர் வைத்த அளவில் நோய் தீர்ந்துவிடுவதில்லை.

ஈண்டுச் சிறிது கணக்கிட்டுக் காண்போம். ஆண்டில் 300 நாள் விற்பனை நடைபெறுவதாகக் கொள்க. காலையில் 90 பெற்று மாலையில் 100 செலுத்தும் ஒருவர் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் வட்டி கொடுக்கின்றார். ஆண்டு முடிவில் அவர் கொடுத்த வட்டி 3,000 ரூபாய். அவர் ஆண்ட முதலோ 90 ரூபாயே! அந்த 90 ரூபாயையும் முதல் நாளிலேயே சொந்தமாக வைத்திருந்தாராயின் அந்த 3,000 ரூபாயும் அவர் வீட்டிலேயே தங்கியிருக்கும். செல்வர் ஒருவர் இவ்வட்டியைக் கேட்டால் நகைப்பார். ஏழை ஒருவர் கேட்டால் தலையசைத்து ஏற்கின்றார். அறியாமையால் ஏற்கின்றார் என எண்ணற்க. எம் ஆயாவிற்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இக்கணக்கு நன்கு தெரியும். “கூடையிலே பாதி அவருக்கு, பாதி நமக்கு, சுமை மட்டும் முழுசும் நமக்கு” என்று அவர் கூறியதை எம் அன்னையார் இன்றும் நினைவு கூர்வர்.

வங்கிகள் இல்லையோ எனின், இருந்தன. 1969-ஆம் ஆண்டில் பெரிய வங்கிகள் பதினான்கு நாட்டுடைமையாயின. 1972-ஆம் ஆண்டில், மிக வறியவர்க்கு நூற்றுக்கு நான்கு வட்டியில் கடன் வழங்கும் திட்டமும் வந்தது. நூறு ரூபாய்க்கு ஆண்டு முழுதும் நான்கே ரூபாய் வட்டி! மேலே கண்ட கணக்கோடு இதனை ஒப்பிட்டால் எந்த ஏழை வங்கிக்குச் செல்லாது நிற்பர்? ஆயினும் செல்லவில்லை. விண்ணப்பத் தாளை நிரப்ப எழுத்து வேண்டும், முகவரி வேண்டும், ஈடு வேண்டும், பிணை நிற்க ஒருவர் வேண்டும். பட்டா இல்லாத குடிசையில் வாழ்பவர்க்கு முகவரி ஏது? ஒரு பித்தளைக் குடமும் இரண்டு கோணிப்பையும் உடையவர்க்கு ஈடு ஏது? சட்டம் கதவைத் திறந்து வைத்தது உண்மையே. வாயிற்படிதான் ஏற இயலாத உயரத்தில் இருந்தது.

அப்படியைத் தாழ்த்திக் கொடுத்த அமைப்பே 1978-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் என்பது. உழைக்கும் மகளிர் மன்றம் எனத் தமிழிற் கூறலாம். இதனை நிறுவியவர் ஜெயா அருணாசலம் அம்மையார். இவர் அதற்கு முன்னர் அரசியல் கட்சிப் பணியில் ஈடுபட்டிருந்தவர். மழை வெள்ளத்தால் துன்புற்ற குடிசை மக்களிடையே உதவிப் பணி புரிந்தபோது, அம்மக்கள் வேண்டுவது ஒரு நாளைக்குரிய உதவியன்று என்பதை அவர் கண்டார். சோற்றுப் பொட்டலம் அன்றைய பசியைத் தீர்க்கும். மறுநாள் விடியலில் வட்டிக்காரர் முன் நிற்பதைத் தவிர்க்காது. ஆதலின் கட்சி சாராத அமைப்பொன்றைப் பூ விற்போர், மீன் விற்போர், காய்கறி விற்போர், இட்டலி சுட்டு விற்போர் ஆகிய பெண்டிரைக் கொண்டே தொடங்கினார். தொடக்கத்தில் சேர்ந்தோர் ஏறத்தாழ 800 பேர்.

மன்றத்தின் முறை மிக எளியது. ஒரே தெருவில் அல்லது அண்டைத் தெருக்களில் வாழும் பெண்டிர் பத்து முதல் இருபது பேர் ஒரு குழுவாகச் சேர்வர். தம்முள் ஒருவரைத் தலைவியாகத் தேர்வர். ஒருவர் கடன் பெற விரும்பினால் குழுவினர் யாவரும் அவர்க்காகப் பிணை நிற்பர். மன்றத்தைச் சார்ந்தவர் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, பெண்டிரை வங்கிக்கு அழைத்துச் செல்வர். பெற்ற கடனை மாதத் தவணையாகத் திருப்பிச் செலுத்துதல் வேண்டும். வங்கி கேட்ட ஈடு நிலமும் பொன்னும். மன்றம் காட்டிய ஈடு அயலாரின் வாய்ச்சொல். “இவள் கொடுத்துவிடுவாள், இவளை யாம் அறிவோம்” என்ற சொல்லே அது. அச்சொல்லை நம்பிக் கொடுக்கப்பட்ட பணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்பி வந்தது என்பது பலரும் எடுத்துரைத்த செய்தி. கல்வி நிறைந்தோரும் செல்வம் நிறைந்தோரும் பெற்ற கடன்கள் அனைத்தும் இவ்வாறு திரும்பி வந்தன என்று எந்த நாட்டு வங்கியும் கூறத் துணியாது.

எம் ஆயா சேர்ந்த குழுவில் பன்னிருவர் இருந்தனர். பூ விற்பவர் இருவர், மீன் விற்பவர் ஒருவர், ஆப்பம் சுடுபவர் ஒருவர், துணி தேய்த்துக் கொடுப்பவர் ஒருவர், ஏனையோர் காய்கறியும் பழமும் விற்போர். சாதியும் சமயமும் பலவாக இருந்தன. ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தும், ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடியாதவர்கள் அவர்கள். பிணை நிற்றல் என்பது அவ்வேறுபாட்டைச் சோதித்துவிட்டது. ஒருவரது கடனுக்கு மற்றொருவர் பொறுப்பேற்கும்போது அவர் வீட்டு நிலையை அறிதல் வேண்டும். அறிய வேண்டின் அவர் வீட்டிற்குச் செல்லுதல் வேண்டும். சென்றால் ஒரு குவளை தண்ணீரை மறுத்தல் எங்ஙனம்? சாதி வேற்றுமையைக் களைதலையும் தன் கொள்கையாகக் கொண்டு, கலப்பு மணங்களையும் அம்மன்றம் முன்னின்று நடத்தியது. மேடைச் சொற்பொழிவால் ஆகாதது தவணைப் பணத்தால் ஆயிற்று.

அந்நாளில் எம் அன்னையார்க்கு வயது பத்து. ஐந்தாம் வகுப்போடு அவரை நிறுத்தி, வீட்டு வேலைக்கு அனுப்புவதாக முடிவு செய்தாயிற்று. வேலைக்குரிய வீடும் பேசியாயிற்று. மாதம் ஒரு சிறு தொகையும், இரு வேளை உணவும் கிடைக்கும். அத்தொகை வட்டிக்கு உதவும் என்பதே கணக்கு. அவ்வாறு நிகழ்ந்திருந்தால் எம் ஆயாவைக் குறை கூறுதற்கு ஒருவர்க்கும் உரிமை இல்லை. நிகழாமைக்குக் காரணம் அவ்வாண்டில் கிடைத்த வங்கிக் கடனே. ஆயா முதன்முறை வங்கிக்குள் நுழைந்து கைநாட்டு வைத்துச் சில நூறு ரூபாய் பெற்றார். சுருக்குப்பையில் முடிந்து வந்த அப்பணத்தில் ஒரு காசும் வீட்டுச் செலவிற்கு எடுக்கவில்லை. மறுநாள் முதல் சாவடியில் தம் பணத்தைக் கொண்டே சரக்கெடுத்தார். மாலையில் வட்டிக்காரர் வந்து நின்றபோது, “இன்னைக்கு வாங்கலேண்ணே” என்று கூறினாராம். அவ்வொரு தொடரைக் கூறுவதற்கு அவர் ஏறத்தாழ இருபது ஆண்டு காத்திருந்தார்.

நாளொன்றுக்கு மிஞ்சிய ரூபாய்கள் எங்கே சென்றன? முதலில் அரிசிப் பானைக்குச் சென்றன. பின்னர் அடகிலிருந்த குடத்தை மீட்டன. அதன் பின்னரே ஆறாம் வகுப்புச் சீருடைக்கும் நோட்டுப் புத்தகங்களுக்கும் சென்றன. இவ்வரிசையை யாம் வேண்டுமென்றே குறிக்கின்றோம். வறியவர் வீட்டில் கல்வி முதலிடம் பெறாமைக்குக் காரணம் கல்வியின் அருமை அறியாமை அன்று. அதற்கு முன்னே காத்திருப்பவை பல. அவை ஒவ்வொன்றாக விலகினால்தான் கல்வியின் முறை வரும். எம் அன்னையார் மாநகராட்சிப் பள்ளியிற் பயின்று பத்தாம் வகுப்பில் தேறினார். தட்டச்சுக் கற்று ஓர் அலுவலகத்திற் பணி பெற்றார். அவர்க்குப் பின் யாம் இக்கல்லூரிக்கு வந்து பயின்றோம். கைநாட்டிற்கும் பட்டத்திற்கும் இடையே இருந்தது ஒரு தலைமுறையே.

நிற்க. இம்முறையில் இடர் ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. பிணை நிற்றல் இருபுறமும் கூருடைய கத்தி போன்றது. எம் ஆயாவின் குழுவில் துணி தேய்ப்பவராக இருந்த அம்மையாரின் கணவர் கட்டட வேலையில் சாரத்தினின்றும் வீழ்ந்து கால் முறிந்து படுத்துவிட்டார். அவ்வம்மையார் மூன்று மாதத் தவணை கட்டவில்லை. ஒருவர் கட்டத் தவறினால் குழுவில் மற்றையோர்க்கு அடுத்த கடன் கிடைப்பது அரிதாகும். பன்னிருவரும் ஓர் இரவு தெருவிளக்கின் கீழ்க் கூடினர். அவருடைய இஸ்திரிப் பெட்டியையும் தள்ளுவண்டியையும் விற்றுத் தவணையைத் தீர்த்துவிடலாம் என்று சிலர் கூறினர். அவர்களும் கொடியவர் அல்லர். அவர்கள் வீட்டிலும் அடுத்த கடனை நம்பிப் பல காரியங்கள் காத்திருந்தன. அப்போது ஆயா, “பெட்டியை வித்துட்டா, அவ எதைக்கொண்டு கடனைக் கட்டுவா, அக்கா?” என்று மட்டும் கேட்டார். நெடுநேரம் வாதம் நிகழ்ந்தது. முடிவில், பதினொருவரும் தத்தமக்கு இயன்றது போட்டு அவர் தவணையைச் செலுத்துவதென்றும், கணவர் எழுந்து நடமாடிய பின்னர் அவ்வம்மையார் சிறுகச் சிறுகத் திருப்பித் தருவதென்றும் உறுதி செய்தனர். திருப்பித் தந்து முடிக்க ஓராண்டிற்கு மேல் ஆயிற்று. ஆனால் தந்து முடித்தார்.

அவ்விரவு விற்றுவிடுவதென்ற முடிவு ஏற்பட்டிருந்தால் வங்கியின் கணக்கேட்டில் அதனால் ஒரு வேற்றுமையும் தோன்றியிராது. தவணை வந்தது என்றே எழுதியிருப்பர். ஒரு குடும்பம் மட்டும் சுழலின் அடிக்கே சென்றிருக்கும். ஆகவே கடன் திரும்பி வந்த கணக்கு ஒன்றை மட்டும் கொண்டு இத்தகைய அமைப்புகளை அளத்தல் முறையன்று. கடன் எவ்வழியில் திரும்பி வந்தது என்பதே ஆராயத்தக்கது.

மன்றத்தின் பின்னைய வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். வங்கிகளில் காலத் தாழ்வும் அலைச்சலும் மிகவே, 1981-ஆம் ஆண்டில் மகளிர் தாமே உறுப்பினராய்ப் பங்குப் பணம் இட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். கடன் பெறுவோரே அதன் உடைமையாளர் ஆயினர். சென்னைக்கு வெளியேயும் பணி பரவியது. திண்டுக்கல்லில் கறவை மாடு வளர்ப்போரும், அதிராம்பட்டினத்தில் மீனவப் பெண்டிரும், ஆந்திர நாட்டு நரசாபூரில் சரிகைப் பின்னல் போலும் லேஸ் பின்னுவோரும் அதிற் சேர்ந்தனர். குடிசைப் பகுதிப் பெண்டிரையே பயிற்றி, தாய் சேய் நலத்தையும் குடும்ப நலத்தையும் அண்டை வீடுகளில் எடுத்துரைக்கும் ஊழியராக ஆக்கினர். அம்மையார்க்கு 1987-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அவர் 2019-ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார்.

இம்முறை முற்றிலும் புதியதன்று என்பதையும் கூறுதல் வேண்டும். செருமனி நாட்டில் ரைஃபைசன் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிற்றூர் மக்களின் பரஸ்பரப் பொறுப்பைக் கொண்டு கடன் சங்கங்களை அமைத்தார். சென்னை அரசாங்கத்தின் பொருட்டு ஃபிரெடரிக் நிக்கல்சன் அவற்றை ஆராய்ந்து அறிக்கை வரைந்தார். 1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அகமதாபாத்தில் இளா பட் அம்மையார் 1972-ஆம் ஆண்டில் சேவா என்னும் சங்கத்தை நிறுவினார்; இரண்டாண்டு கழித்து அச்சங்கப் பெண்டிர் 4,000 பேர் தலைக்குப் பத்து ரூபாய் இட்டுத் தமக்கென ஒரு வங்கியையே தொடங்கினர். இவை யாவற்றிற்கும் அடிப்படை ஒன்றே: தனித்து நிற்கும் ஏழைக்கு ஈடில்லை, கூடி நிற்கும் ஏழையர்க்குக் கூட்டமே ஈடு.

இனி, அறிஞர் சிலர் எழுப்பிய ஐயத்தையும் மறைத்தல் ஆகாது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலிய பொருளியலறிஞர் ஐதராபாத் நகரத்துக் குடியிருப்புகள் 104-ஐ எடுத்துக்கொண்டு, அவற்றுட் பாதியில் மட்டும் சிறுகடன் நிறுவனம் ஒன்று முன்னதாகப் புகுமாறு செய்து, விளைவை ஒப்பிட்டு நோக்கினர். 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாராய்ச்சி, முன்னரே தொழில் வைத்திருந்தோர் தொழிலிற் கூடுதலாக முதலிட்டனர் என்றும், குழந்தைகள் கல்வியிலும் குடும்ப நலத்திலும் பெண்டிர் நிலையிலும் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை என்றும் கூறியது. ஆந்திர நாட்டிலோ நிலை இன்னும் கொடிது. இலாபம் கருதிய நிறுவனங்கள் ஒருவர்க்கே பல கடன் கொடுத்துப் பெண்டிரைத் தவணைக்கு நெருக்கின. 2010-ஆம் ஆண்டில் அரசு அவசரச் சட்டம் கொண்டு தலையிட நேர்ந்தது.

இவற்றைப் படித்தபோது எமக்கு முதலில் வருத்தமே உண்டாயிற்று. எம் வீட்டில் யாம் கண்ட உண்மையை ஓர் ஆராய்ச்சி பொய்யாக்குமோ என எண்ணினோம். ஆழ்ந்து நோக்கிய பின்னர், அது பொய்யாக்கவில்லை, தெளிவாக்கியது எனக் கண்டோம். ஒரு வீட்டில் நிகழ்ந்தது ஊர் முழுதும் நிகழும் என்று கூற இயலாது. கடன் என்பது கருவியே. முன்னரே கூடை சுமந்த ஆயாவிற்கு அது பயன்பட்டது. வாணிகம் அறியாத ஒருவர்க்கு அது மற்றொரு சுமையே ஆகியிருக்கும். அன்றியும் ஆயா பெற்றது பணம் மட்டுமன்று. நோயுற்ற காலத்தில் அண்டையார் துணை இருந்தது. பன்னிருவர் கூடிப் பேசும் இடம் இருந்தது. காவலர் கூடையை எடுக்கச் சொன்னால் சேர்ந்து சென்று முறையிடத் துணை இருந்தது. பள்ளியில் கட்டணமில்லாக் கல்வியும் மதிய உணவும் இருந்தன. கடனைக் கொடுத்து இவற்றை விட்டுவிட்டால் எஞ்சுவது வட்டி குறைந்த தண்டலே. அதனால்தான் தெருவிளக்கின் கீழ் நடந்த அக்கூட்டத்தை யாம் கடனினும் பெரிதாக மதிக்கின்றோம். முடிவு செய்யும் உரிமை அப்பெண்டிரிடம் இருந்தது; தவணை வாங்க வந்த வேற்றார் ஒருவரிடம் இருந்ததில்லை.

மற்றொரு செய்தியும் சிந்திக்கற்பாலது. அயலார் சொல்லே ஈடாயின் அயல் நிலைத்திருத்தல் வேண்டும். 2000-ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை நகரத்துள் ஆற்றங்கரையிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் முதலிய தொலைவிடங்களிற் குடியேற்றப்பட்டன. கூரைக்கு மாற்றாக மாடிக் கட்டடம் கிடைத்தது. அது சிறிய நன்மையன்று. ஆனால் ஒரே தெருவில் முப்பது ஆண்டு வாழ்ந்தோர் வெவ்வேறு கட்டடங்களில், முன்பின் அறியாதாரிடையே வைக்கப்பட்டனர். வேலை செய்த வீடும் விற்பனை செய்த தெருமுனையும் ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றன. “இவளை யாம் அறிவோம்” என்று கூற அங்கே ஒருவரும் இல்லை. எம் ஆயாவின் பழைய தோழியர் சிலர் அவ்வாறு சென்றவர்களே. அவர்களைக் காணச் சென்றபோது, கட்டடத்தின் கீழே தண்டல்காரர் வண்டி நிற்கக் கண்டோம். அயன்மை கலைந்த இடத்தில் அவர் புகுதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை.

மாணவ அன்பர்களே, இவற்றால் நாம் அறியத்தக்கது யாது? ஏழையர்க்குச் சிக்கனம் கற்பிக்கப் புகுவோர் பலர். நாணயம் கற்பிக்கப் புகுவோர் சிலர். அவ்விரண்டும் அவர்களிடம் முன்னரே உள. நாள்தோறும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வட்டி செலுத்தியும் வீட்டில் உலை வைத்தவரினும் சிக்கனம் உடையார் யார்? எழுத்தின்றிச் சாட்சியின்றி வாங்கிய கடனை மாலைக்குள் திருப்பியவரினும் நாணயம் உடையார் யார்? அவர்களிடம் இல்லாதது, அந்நாணயத்தைக் கண்டு ஏற்பாரும், அதனை ஏட்டில் எழுதி வாயில் திறப்பாருமே.

அவ்வாறு வாயில் திறப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. கல்லூரியில் எழுத்தும் கணக்கும் பயின்ற நாம் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால், அண்டைக் குடியிருப்பில் ஒருவர்க்கு வங்கி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். தவணைச் சீட்டில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டி, உண்மை வட்டி எவ்வளவு எனக் கணக்கிட்டுச் சொல்லலாம். தெருவோர வணிகரைப் பாதுகாக்கும் சட்டம் 2014-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது என்பதையும், விற்பனைச் சான்றிதழ் பெறும் உரிமை தமக்குண்டு என்பதையும் அறியாதார்க்கு எடுத்துரைக்கலாம். பத்தாம் வகுப்பை எட்டிய பெண்ணொருத்தி தேர்வுக்கு முன் பள்ளியை விட்டு நிற்க நேரின், காரணம் சோம்பலோ, மாலை நேரத்து வட்டிக்காரரோ என்று கேட்டறியலாம். கேட்டறிந்த பின்னர்ச் செய்யத்தக்கது தானே தோன்றும்.

இவற்றுள் ஒன்றும் ஈகை அன்று. ஆதலின் பெறுவோர்க்கு இரவச்சமும் இல்லை. எம் ஆயாவின் பன்னிருவருள் ஒருவர்க்கொருவர் தானம் செய்தவர் இலர். ஒருவரையொருவர் நம்பினர், நம்பியதற்குப் பொறுப்பும் ஏற்றனர். நகரத்தில் நம் அண்டையில் வாழ்ந்தும் நம்மால் அறியப்படாத குடும்பங்கள் எத்துணையோ உள. அவற்றுள் ஒன்றையேனும் அறிந்து, “இவர்களை யாம் அறிவோம்” என்று உரிய இடத்திற் சொல்ல வல்லோமாயின், நாம் பெற்ற கல்வி நம் வீட்டு வாயிலோடு நின்றுவிடாது.